நாத்தனார் சாந்தமான வருஷம்

அந்தத் தெருவில் ஹாரன் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, சுவரில் போக்குவரத்துச் சின்னங்கள் அச்சிட்ட அட்டை, வாசலில் இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரு வெள்ளைக் கார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவருடைய தொண்டை. காருக்குள் உட்கார்ந்து "கிளட்ச்" என்று ஒரு குரல் கொடுத்தால், பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவன்கூட எதையாவது மிதிப்பான். அவரிடம் திட்டு வாங்காமல் கற்றுக்கொண்டவர் ஒருவரும் இல்லை. திட்டு வாங்கியவர்களில் லைசன்ஸ் எடுக்காதவரும் இல்லை.

இந்தத் தொண்டையோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்த வாய்த்தவள் அவருடைய தம்பி பெண்டாட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் வார்டு நர்ஸ். தைராய்டு, சர்க்கரை, இன்னும் பெயர் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் சுரப்பி வியாதிகள் எல்லாம் அங்கேதான் வரும். வார்டில் எல்லோரும் அவளை மரியாதையாக சிஸ்டர் என்பார்கள். வீட்டில் நாத்தனார் சிஸ்டரம்மா என்பார், மரியாதையை மட்டும் கழித்துவிட்டு. துணி காயப்போட்டால் கிளிப் கோணல். கதவைச் சாத்தினால் சத்தம், சாத்தாவிட்டால் கொசு. குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் தீர்ந்தது, குளிக்காமல் வந்தால் ஆஸ்பத்திரிக் கிருமி உள்ளே வந்தது. மனுஷி என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிற அந்த மனுஷர், வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கமும் நகர மாட்டார். அவளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பொறுமைசாலி என்று அக்கம்பக்கத்தில் பெயர். பொறுமையாவது ஒன்றாவது! வார்டில் பேசிப் பேசி வாய் வலித்துப்போய் வருகிறவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது? அதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு எந்த ஷிப்ட் இருந்தாலும் நாத்தனார்தான் காரில் கொண்டுபோய் விடுவார். வழி நெடுகத் திட்டு விழும். ஆனால் ஒரு நாள்கூட அவளை மழையிலோ வெயிலிலோ பஸ்ஸுக்கு நிற்க விட்டதில்லை.

இப்பேர்ப்பட்ட நாத்தனார் ஒரு வருஷம் சாந்தமாகிவிட்டார்.

திடீரென்று இல்லை. மழை விடுகிற மாதிரி மெல்ல மெல்லத்தான். முதலில் காலைத் திட்டு நின்றது, பிறகு மாலைத் திட்டு. ஒரு நாள் அவள் கை தவறிக் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் மெதுவாகத் திரும்பிப் பார்த்து, "காலைப் பாத்து வைம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், வேறொன்றும் வரவில்லை. அன்றைக்கு அவள் தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் பேசினாள். வயசாக ஆகப் பக்குவம் வரும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று அம்மா சொல்ல, இவளும் ஆமாம் ஆமாம் என்றாள்.

வீட்டில் ஒரே சந்தோஷம். வெயில் கொளுத்துகிற நாளில் நாத்தனார் குளிருகிறது என்றார். பாவம் என்று இவளே கடைக்குப் போய், பார்த்துப் பார்த்து ஒரு நீல ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். நாத்தனாருக்கு முகம் கொஞ்சம் உப்பி, உடம்பும் போட்டது. நிம்மதி வந்தால் உடம்பு வைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டாள். மதியம் முழுக்கத் தூக்கம், அதுவும் நல்லதுக்குத்தான், பாவம் இத்தனை வருஷம் ஓடிய உடம்பு. குரல் அடித்தொண்டையில் இறங்கிக் கரகரத்தது. கத்தியே தேய்ந்துபோன தொண்டை வேறு எப்படி இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். சாயங்காலம் நாத்தனாரின் சிக்கு விழுந்த தலைமுடியை மடியில் போட்டுச் சீவி விடுவாள். இருவரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு உண்மையிலேயே அது பிடித்திருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

டிரைவிங் பள்ளியிலும் கூட்டம் கூடியது. அக்கா இப்போது திட்டுவதில்லையாம் என்று செய்தி பரவி, பயந்துகொண்டிருந்தவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் முட்டினார். "பரவாயில்ல, கம்பந்தானே" என்றாராம் நாத்தனார். எல்லோருக்கும் அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. லைசன்ஸ் தேர்வில்தான் ஒருவரும் தேறவில்லை.

சரி, இதே வருஷம் நம்ம நர்ஸம்மா வார்டில் என்ன செய்துகொண்டிருந்தாள்? பயிற்சிக்கு வந்த நர்ஸுகளை நிற்க வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தைராய்டு குறைந்தவர்கள் கத்த மாட்டார்கள், அழ மாட்டார்கள், ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை என்பாள். சோம்பேறி என்று சொல்லாதீர்கள், குளிருகிறதா என்று கேளுங்கள் என்பாள். முகத்தைப் பாருங்கள், புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருக்கும் என்பாள். நாத்தனாருக்கும் உதிர்ந்துதான் இருந்தது. அவர் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தார். இவள் அதைப் பார்த்து, அண்ணி இந்த வயசில் அலங்காரம் செய்துகொள்கிறாரே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பழைய நாத்தனாராக இருந்தால் வார்டு வாசலில் நின்றே கூப்பிட்டு, அவளுடைய மறதியை அத்தனை கட்டிலுக்கும் அறிவித்துவிட்டுப் போயிருப்பார். இந்த நாத்தனாரோ மெதுவாகப் படியேறி, மூச்சு வாங்கி, புறநோயாளிகள் உட்காரும் நீளப் பெஞ்சில் ஓரமாக ஓர் இடம் கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டார். டப்பா மடியில் இருந்தது.

டாக்டரம்மா வருவதற்கு முன்னால் அந்தப் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் நாடி பார்த்து, வெப்பம் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நம்மவளுக்கு அதில் ஒரு பழக்கம். முகத்தைப் பாருங்கள் என்று பாடம் நடத்துகிறவள், நாடி பார்க்கும்போது மட்டும் ஆள் முகத்தைப் பார்க்க மாட்டாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டே போவாள். முகம் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவள் கட்சி. அப்படியே வரிசையின் கடைசிக்கு வந்து ஒரு கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. தோல் அட்டைபோலக் காய்ந்திருந்தது. நாடி, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்தது.

"குளிருதாம்மா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் குளிருதும்மா."

மலச்சிக்கல் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றது கரகரத்த குரல். தூக்கம் அதிகமா, மறதி இருக்கிறதா, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒரு வருஷம் இருக்கும் என்று நிதானமாகப் பதில் வந்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இவ்வளவு முற்றும்வரை இந்த அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருக்கிறார்களே, இதுகளெல்லாம் ஒரு குடும்பமா!

"ஏம்மா, வீட்டுல உங்களை யாருமே பாக்கலையா?" என்று கேட்டபடி நிமிர்ந்தாள்.

"நீ பாத்துக்கறியேம்மா" என்றார் நாத்தனார்.

நீல ஸ்வெட்டர். மடியில் அவளுடைய டப்பா. முகத்தைத் துடைத்ததில் ஒரு பக்கப் புருவம் பாதி அழிந்திருந்தது. நாத்தனாருக்கு இதில் எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. கேட்டாள், சொன்னார், அவ்வளவுதான். இவள்தான் பிடித்த கையை விடாமல் நின்றாள். பெஞ்சில் இருந்த முகங்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி உப்பிப்போய், அசந்துபோய் இருந்தன. அந்த வரிசையில் ஒரு முகம் வீட்டிலிருந்து வந்திருந்தது.

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா குதிகாலுக்கு மேல் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் மெல்ல அசைந்து, பழைய இடத்துக்குத் திரும்பிவரச் சாவகாசமாக நேரம் எடுத்துக்கொண்டது. டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தகவல் கேட்டு வீட்டுக்காரர் வேலை உடுப்போடு ஓடி வந்தார். வரும்போதே எங்கேயோ ஒரு வெந்நீர்ப் பையை வாங்கி, நிரப்பியும் கொண்டு வந்திருந்தார். அதை அக்காவின் காலடியில் வைக்கப் போனவரின் கையிலிருந்து அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். இப்படிப்பட்ட உடம்பைத் திடீரென்று சூடாக்கினால் ரத்தக் குழாயெல்லாம் விரிந்து, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும். போர்வைமேல் போர்வை போட்டு, தானாகத்தான் மெல்லச் சூடேற விட வேண்டும். தூக்க மாத்திரை கூடாது. மருந்தையும் துளித்துளியாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இதயம் தாங்காது. இதையெல்லாம் வீட்டுக்காரருக்கு மூச்சுவிடாமல் சொன்னாள். இவ்வளவும் தெரிந்தவளா ஸ்வெட்டர் வாங்கினாய் என்று அவர் கேட்கவில்லை. வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்காதான் என்னை வளத்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

கட்டிலருகே ஆளில்லாத நேரம் பார்த்து அவள் நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டாள். கண்ணெதிரே இருந்தும் கவனிக்காமல் விட்டேன், முகம் உப்பியதை உடம்பு தேறியது என்றும் புருவம் வரைந்ததை அலங்காரம் என்றும் நினைத்தேன், நீங்கள் பேசாமல் இருந்தது எனக்குச் சுகமாக இருந்தது, அதனால் கண்ணை மூடிக்கொண்டேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். நாத்தனார், "போகட்டும்மா. உனக்கு எத்தனை வேலை" என்றார்.

அவள் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். செய்த தப்புக்குத் திட்டு விழவில்லை என்றால் அந்தத் தப்பை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? பழைய நாத்தனாராக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பார். அந்த நாலு கேள்வி அவளுக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்க நாத்தனார் திரும்பி வந்தாக வேண்டும். அன்றிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.

மருந்து ஆளைத் திரும்பக் கொண்டுவரும், ஆனால் அவசரப்படாது, சில வாரம் கழித்து ரத்தம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு மாத்திரை, காபியெல்லாம் அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான். அவள் தினமும் மாத்திரையையும் டம்ளரையும் நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மாலையில் வந்து தலை சீவி விட்டாள். வாரங்கள் ஓடின. நாத்தனார் அப்படியே இருந்தார். ஸ்வெட்டர் கழலவில்லை, குரல் ஏறவில்லை, போகட்டும்மாவும் பரவாயில்லம்மாவும் குறையவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால், மருந்தே உள்ளே போகாத மாதிரி இருந்தது முடிவு. டாக்டரம்மா அளவைக் கூட்டலாமா என்று யோசித்தார்.

வார்டில் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரை கொடுத்துவிட்டு நர்ஸ் உடனே நகர மாட்டாள். என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சும்மா ஏதாவது கேட்பாள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிற ஆளுக்கு வாயைத் திறக்க வராது. எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறாள்! வீட்டில் மட்டும், பெரியவரை நோயாளி மாதிரி சோதிப்பதா என்று கூச்சப்பட்டுக்கொண்டு அதைச் செய்யாமல் விட்டிருந்தாள். மறுநாள் காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு என்ன கிழமை?"

நாத்தனார் சுவரில் இருந்த காலண்டரைக் கையால் காட்டினார்.

"நீங்க சொல்லுங்க."

நாத்தனார் சிரிக்கிற மாதிரி உதட்டை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவள் கையை நீட்டினாள். பிறகு நாத்தனார், திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி, கன்னத்திலிருந்த மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பாதி கரைந்திருந்தது.

ஏன் என்று அவள் கேட்டாள். நாத்தனார் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது, அந்தக் குரல் அப்படி. அது என்ன மாத்திரை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். போட்டால் பழையபடி ஆகிவிடுவார். பழையபடி ஆவதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இந்த ஒரு வருஷம்தான் தெருவில் ஜனங்கள் அவரைப் பார்த்து ஒதுங்காமல் நின்று பேசினார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கையைப் பிடித்து விடைபெற்றுப் போனார்கள். தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீ எனக்குத் தலை சீவி விட்ட. என் ஆயுசுல யாரும் எனக்குச் சீவி விட்டதில்லம்மா. பழையபடி ஆனா யாரு என் பக்கத்துல வருவா? எனக்கு இந்த நல்ல குணமே இருந்துட்டுப் போகட்டும்."

நம்மவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. அதுவும் எப்படிப்பட்ட கோபம்! கல்யாணமான நாளிலிருந்து மென்று முழுங்கி வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பியது.

"நல்ல குணமா? இதுக்குப் பேரு நல்ல குணமா? இது வியாதி அண்ணி, வியாதி! நீங்க திட்டினப்போ எல்லாம் நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேனா? உங்க தம்பி போனாரா? திட்டு வாங்கிக்கிட்டே உங்க கார்ல ஏறினேனா இல்லையா? தலை சீவணும்னா சீவுன்னு அதட்டிச் சொல்ல வேண்டியதுதானே, உங்களுக்கு அதட்டத் தெரியாதா? அதுக்குன்னு ஒரு வியாதியை மடியில வச்சு வளப்பீங்களா? நீங்க சாந்தமா படுத்துச் சாவீங்க, நான் பக்கத்துல உக்காந்து சீவிக்கிட்டே இருக்கணுமா? எனக்கு அந்தச் சாந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்க அண்ணியை எனக்குக் குடுங்க!"

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் ஒரு காலில் ஷூவோடு அறை வாசலில் வந்து நின்றார். அவள் ஒரு புது மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாயைத் திறங்க" என்றாள்.

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். உப்பிப்போன அந்தக் கண்ணுக்குள் எங்கேயோ தூரத்தில் ஒரு பொறி தட்டியது. "என்னையே அதட்டறியா?"

"அதட்டுவேன். தினமும் அதட்டுவேன்."

நாத்தனார் மாத்திரையை வாங்கிப் போட்டு, தண்ணீரை மடக்மடக்கென்று குடித்து, டம்ளரை நங்கென்று மேசையில் வைத்தார். "செவ்வாய்க்கிழமை. போதுமா?" என்றார்.

அன்று சாயங்காலம் தையல்காரர் வேலியோரம் வந்து, அக்காவுக்கு உடம்பு தேவலையா, காலையில் சத்தம் கேட்டதே என்று விசாரித்தார். அது அக்கா இல்லை என்றார் லிஃப்ட் மெக்கானிக். பின்னே யார் என்று தையல்காரர் கேட்க, மனுஷர் கொஞ்சம் பெருமையாகவே, "என் வீட்டுக்காரி" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார். குழந்தைக்கு முதல் பல் முளைப்பதை எதிர்பார்க்கிற மாதிரி புருஷனும் பெண்டாட்டியும் காத்துக் கிடந்தார்கள். அக்கா ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார் என்று இவர் அவளுக்கு ஃபோன் போட்டார். இன்று என்னைப் பார்த்து முறைத்தார் என்று அவள் சொன்னபோது, நிஜமாகவா என்று இவர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். ஒரு நாள் காபியில் சர்க்கரை குறைச்சல் என்று நாத்தனார் டம்ளரைத் தள்ளி வைத்தார். இரண்டு பேரும் அடுக்களைக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கை சூடேறியது. முகம் வடிந்து, கன்ன எலும்பு பழைய இடத்தில் வந்து நின்றது. தினமும் தலை மட்டும் சீவி விட்டாள். வலிக்கிறது, மெதுவாக இழுக்கத் தெரியாதா என்று நாத்தனார் கேட்ட அன்று அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அவள் காத்திருந்த அந்த நாலு கேள்வி வரவில்லை. அதைப் பற்றி நாத்தனார் வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாரோ, இல்லை மனசில் வைத்துக்கொண்டாரோ என்று அவளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

மறுபடி ரத்தம் பார்க்கும் நாள் வந்தது. நாத்தனார் தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்வெட்டர் இல்லை. பெஞ்சில் கூட்டம். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் தன் மனைவியை முதல் தடவையாக அழைத்து வந்திருந்தார். அந்தம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் தோளில் சாய்ந்திருந்தார். டாக்டரம்மா அறைக் கதவு திறந்துதான் இருந்தது. டாக்டரம்மா ரத்த முடிவைப் பார்த்தார், நாத்தனாரின் குதிகாலுக்கு மேல் தட்டினார். பாதம் துள்ளி எழுந்து வந்த வேகத்தில் சுத்தியலை எட்டி உதைக்கப் பார்த்தது. டாக்டரம்மாவுக்கு மகா சந்தோஷம். வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருந்தது உங்கள் நல்ல காலம், சரியான நேரத்தில் கண்டுபிடித்தார்கள் என்று நாத்தனாரிடம் சொன்னார்.

பக்கத்தில் நின்றிருந்தவளுக்கு முகம் தொங்கிப்போனது.

"என்ன சொன்னீங்க?" என்றார் நாத்தனார். "சரியான நேரத்துலயா?"

நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு வருஷம்! ஒரு வருஷம் இவ கண்ணு முன்னாடி உக்காந்திருந்தேன். வெயில்ல குளிருதுங்கறேன், ஸ்வெட்டர் வாங்கிட்டு வர்றா. அதுவும் நீலக் கலர்ல! பூசணிக்கா மாதிரி ஊதிப்போனேன், அண்ணிக்கு உடம்பு தேறிடுச்சுங்கறா. புருவத்தைக் காணோம்னு நான் பென்சிலைத் தேடிக்கிட்டு இருக்கேன், அலங்காரம்னு பாத்துக்கிட்டு நின்னா. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம் துள்ளி! ஏன்டி, நான் வாயை மூடினப்போவே உனக்குச் சந்தேகம் வர வேண்டாம்? நானு! வாயை மூடிக்கிட்டு இருக்கேன்! அதைவிட உனக்கு என்ன அறிகுறி வேணும்?"

அந்தக் குரல் கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, வார்டின் கடைசிக் கட்டில்வரை போயிற்று. பயிற்சி நர்ஸுகள் தட்டோடு நின்றார்கள். டாக்டரம்மா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். அவள், சீருடையில் முந்தானை இல்லாததால், சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றாள். அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டும்தான். ஒவ்வொரு கேள்வியும் வந்து விழ விழ அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிக்கொண்டிருந்தது.

"தப்புதான் அண்ணி" என்றாள்.

"தப்புதான்னு சொன்னா ஆச்சா? மூக்கைத் துடை. இத்தனை பேரு பாக்கறாங்க." நாத்தனார் தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் வீசினார். "ஷிப்ட் எப்போ முடியுது? கார்ல இருக்கேன். காக்க வைக்காத." திரும்பி, சுத்தியலை ஓரமாக வைக்கும்படி டாக்டரம்மாவுக்கும் ஒரு புத்திமதி சொல்லிவிட்டு, விடுவிடுவென்று நடந்துபோனார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் விழித்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் எழுந்து அவளிடம் வந்து, அதோ போகிற அம்மாவுக்கும் இதே வியாதிதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"என் வீட்டுக்காரிக்கும் அதே மாத்திரைதானா சிஸ்டர்?"

"அதேதாங்க. முன்னாடி எப்படி இருந்தாங்களோ, அப்படி ஆயிடுவாங்க. கொஞ்ச நாள் ஆகும்."

அவர் நாத்தனார் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பளிக்குள் கண்ணை மூடிக் கிடந்த மனைவியைப் பார்த்தார். "முன்னாடியா? முன்னாடி இவ என்னை ஒரு நிமிஷம் சும்மா விட மாட்டா. மாவு சரியில்லம்பா, அடுப்பு சரியில்லம்பா, நானே சரியில்லம்பா. கடைக்கு வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க." மனைவியின் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "சீக்கிரம் குடுங்க சிஸ்டர்" என்றார்.